பூட்டிய வீட்டுக் கிணறுகளின் உப்பு

என் மச்சாளின் கணினி நிரல் காலையில் வரிசைக்குள் போனால் மத்தியானச் சோற்றுக்கு முன்னர் முடிந்து வெளியே வந்துவிடும். என்னுடையது அடுத்த நாளும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே தீவுகளைப் பற்றியவை, ஒரே கிணறுகளின் அளவீடுகளை வாசிப்பவை, ஒரே கிளஸ்டரில் ஓடுபவை. இதைப் பொறாமை இல்லாமல் எழுத முயன்று பார்த்தேன். சரிவரவில்லை. ஆகவே உள்ளபடி எழுதுகிறேன்.

மச்சாள் என் கணவரின் தங்கை. தீவகத்துக் கிணறுகளில் உப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்று கணிக்கும் சிறிய ஆய்வொன்றில் நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம். எங்களுக்கு மேலே ஒரு பேராசிரியர், யாழ்ப்பாணத்தில் இருந்தபடி கேள்வி கேட்பவர். நான் வேலணையில் என் வீட்டில் இருந்து வேலை செய்கிறேன். அவள் வீடு சரவணையில், ஸ்கூட்டியில் ஓடிவரும் தூரம். ஆய்வில் முதலில் சேர்ந்தவள் நான். அவளைச் சேர்த்துவிடச் சொல்லிப் பேராசிரியரிடம் கேட்டவளும் நான்தான். அவளுக்கு அப்போது வேலை இல்லை. என் கணவர் மூன்று வேளையும் அதையே கதைத்துக்கொண்டிருந்தார்.

கிளஸ்டர் என்பது தெற்கே ஒரு வளாகத்தில், குளிரூட்டிய அறைக்குள் அடுக்கடுக்காக நிற்கும் பல கணினிகள். அது எவருக்கும் தனிச்சொத்து இல்லை. நாட்டின் எந்த மூலையில் இருந்தும் ஆய்வாளர்கள் இணையத்தின் வழியாக உள்ளே போய் வேலை செய்வார்கள். வாசலில் நிற்கும் கணினியில் நிரலை எழுதி, கொம்பைலரைக்கொண்டு இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வரிசையில் நிற்கவேண்டும். கொம்பைலர்களும் அங்கே பொதுதான். பழையது, புதியது, வேறு வேறு இடத்தில் செய்தது என்று பல இருக்கும், வேண்டியதை ஏற்றிக்கொள்ளலாம். வரிசையில் யார் யாருடைய வேலை நிற்கிறது, யாருடையது ஓடுகிறது என்பதை எல்லோரும் பார்க்கலாம். இந்த வசதியைச் செய்தவர் மனிதரை அறியாதவர். நான் என் வேலையைப் பார்த்ததைவிட அவளுடையதைத்தான் அதிகம் பார்த்தேன்.

என் கோப்புகள் எல்லாவற்றுக்கும் திகதியும் தீவின் பெயரும் இருக்கும். மச்சாளுடைய கோப்புகளின் பெயர்கள் 'புதுசு', 'புதுசு இரண்டு', 'கடைசி', 'உண்மையான கடைசி'. ஒரே குழுவில் இருப்பதால் ஒருவர் கோப்பை மற்றவர் திறந்து பார்க்கலாம். நான் பார்ப்பேன். பார்த்துவிட்டு எழுந்துபோய் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். அப்படி அலங்கோலமாக வைத்திருப்பவளுக்கு ஏன் எல்லாம் முதலில் கிடைக்கிறது?

புதிய கொம்பைலர் ஒன்றை நிறுவித் தரும்படி கிளஸ்டரைப் பராமரிக்கும் இளைஞருக்கு ஒருமுறை எழுதியிருந்தேன். முறையான கடிதம்: வணக்கம், தேவை, காரணம், நன்றி. வழிகாட்டியை வாசிக்கும்படி ஒரு வரி பதில் வந்தது. சில வாரம் கழித்து மச்சாள் அதே கொம்பைலரைக் கேட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் இரண்டு வரி எழுதினாள். அவர் அன்றே நிறுவிவிட்டு, சரியாக வேலை செய்கிறதா என்று விசாரித்து, கடைசியில் ஒரு சிரிப்புக் குறியும் போட்டிருந்தார். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளே அதை எனக்கு அனுப்பிவைத்தாள். 'மச்சாள், உங்களுக்கும் உதவும்' என்று. அவளுடைய நல்ல மனம் எனக்கு இன்னும் பெரிய கரைச்சல்.

வேகத்துக்குக் காரணம் எனக்குத் தெரியாதது அல்ல. கொம்பைலரிடம் நிரலைக் கொடுக்கும்போது எவ்வளவு கவனமாக மாற்றவேண்டும், எவ்வளவு அவசரப்படலாம் என்பதையும் சொல்லலாம். எல்லாச் சோதனைகளும் இருக்கட்டும் என்று நான் சொல்வேன். அப்படி மாற்றிய நிரல் ஒவ்வொரு அடியையும் தொட்டுப் பார்த்துத்தான் வைக்கும். மச்சாள் கிடைக்கக்கூடிய வேகம் முழுவதையும் ஒரே கட்டளையில் கேட்பாள்.

"தங்கச்சி சொல்லுறாள், நீர் பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டு சைக்கிள் ஓடுறீராம்" என்றார் என் கணவர், ஒருநாள் சாப்பிடும்போது.

"அவ பிரேக்கே இல்லாத சைக்கிளிலை போறா."

"போய்ச் சேர்ந்திட்டாளே."

உண்மைதான். பேராசிரியர் எங்கள் இருவரிடமும் தீவுகள் முழுவதற்குமான வரைபடம் கேட்டபோது அவளுடையது முடிந்திருந்தது. என்னுடையதில் நெடுந்தீவும் நயினாதீவும் இன்னும் வரிசையில் நின்றன. அவளுடைய வரைபடம்தான் போனது.

அது போன இடம் புங்குடுதீவில் ஒரு வட்டாரத்தின் ஊர்ச் சங்கம். அந்த வட்டாரத்தில் மிஞ்சியிருக்கும் வீடுகளுக்குப் பவுசர் லொறியில்தான் குடிதண்ணீர் வருகிறது. வராத நாட்களும் உண்டு. பிறதேசத்தில் இருக்கும் ஊரவர்கள் பொதுக்கிணறு ஒன்றுக்குப் பணம் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். ஒன்றுக்குத்தான் அது போதும். வெட்டிய இடத்தில் உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர் வந்தால் அதோடு சரி, இரண்டாவது கிணற்றுக்கு ஒருவரும் தரமாட்டார்கள். ஆகவே எங்கே வெட்டுவது என்பதை ஆய்விடம் கேட்டார்கள். மச்சாளின் வரைபடத்தில் அந்த வட்டாரத்தின் நடுவே நல்ல நீல நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது. நீலம் நல்ல தண்ணீர், மஞ்சள் சவர். நீல வட்டத்துக்குள் இருந்த வளவின் சொந்தக்காரர்கள் கனடாவில். கேட்டதும் ஒரு மூலையைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். கிணறு தோண்டும் பெக்கோ இயந்திரத்துக்கும் சொல்லியாகிவிட்டது.

அவளுடைய வெற்றியைப் பார்க்கவேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடுதான் நான் அந்த வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குறை பிடிக்கும் நோக்கம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் குறை கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

புங்குடுதீவில் அப்படி நீல வட்டங்கள் பல இருந்தன, அம்மைத் தழும்புபோல. கிணறு கிணறாகப் போய் அளவெடுத்தவள் நான் என்பதால், ஒவ்வொரு வட்டத்தின் நடுவையும் எனக்குத் தெரிந்திருந்தது. ஒன்று, பச்சை இரும்புக் கேற்றில் சங்கிலி போட்ட வீடு. இன்னொன்று, மதில் விழுந்து, விறாந்தையில் ஒரு பசு நின்ற வீடு. மற்றொன்று, உள்ளே பனை வடலி முளைத்துக் கூரையோட்டைத் தூக்கிவிட்ட வீடு. எல்லாம் பூட்டிய வீடுகள். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கிணற்றில் அள்ளக்கூடாது என்பது ஆய்வின் விதி. மதில் விழுந்தாலும் பூட்டிய வீடு பூட்டிய வீடுதான். அங்கெல்லாம் நான் வாளியை இறக்கவே இல்லை. உப்பின் அளவு இருக்கவேண்டிய இடத்தில் 'எண் அல்ல' என்ற குறியைப் போட்டிருந்தேன். கணினிகளுக்கு அப்படி ஒரு குறி உண்டு. இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில் இலக்கம் இல்லை என்று அது சொல்லும்.

அளவீடுகளை வாசிக்கும் பகுதியை எழுதியவள் நான். அதில் ஒரு சோதனை வைத்திருந்தேன். 'எண் அல்ல' என்று கண்டால் அந்தக் கிணற்றை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ. மச்சாள் அந்தப் பகுதியைத் தன் நிரலோடு சேர்த்துத் தன் வேகக் கட்டளையோடு மாற்றியிருந்தாள். அந்தக் கட்டளை கொம்பைலருக்குக் கொடுக்கும் வாக்குறுதிகளில் ஒன்று, இங்கே வருவதெல்லாம் ஒழுங்கான எண்கள்தான் என்பது. அப்படியென்றால் 'எண் அல்ல' என்று சோதிப்பது வீண் வேலை. கொம்பைலர் அந்தச் சோதனையைத் தூக்கி எறிந்துவிட்டது. அடுத்த படியில், உப்பு பூச்சியத்துக்குக் கீழே போகாமல் இருக்க ஒரு ஒப்பீடு உண்டு. எண் அல்லாத ஒன்றைப் பூச்சியத்தோடு ஒப்பிட்டபோது, இயந்திரம் பூச்சியத்தைக் கொடுத்துவிட்டது. பூட்டிய வீட்டுக் கிணறுகள் எல்லாவற்றிலும் உப்பு பூச்சியம். மழைத் தண்ணீரைவிடச் சுத்தம்.

கோப்பின் முதல் வரியிலேயே நான் குறிப்பு எழுதியிருந்தேன், வேகக் கட்டளையோடு மாற்றவேண்டாம் என்று. குறிப்பு வரிகளைக் கொம்பைலர் வாசிப்பதில்லை. மச்சாளும் வாசிப்பதில்லை.

நான் தேத்தண்ணி போட்டேன். சீனி கூடுதலாகப் போட்டேன். கதிரையை யன்னல் பக்கம் திருப்பி இருந்து, மெதுவாகக் குடித்தேன். நெடுநாளாக அப்படி ருசியாக ஒரு தேத்தண்ணி குடித்ததில்லை. பாதிக் கிளாஸ் முடிந்த பிறகுதான் பெக்கோவின் நினைவு வந்தது.

கணவர் வந்ததும் சொன்னேன். அவர் சேட்டைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உமக்கு அவளில எரிச்சல். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், சந்தியில நிக்கிற ஆட்டோக்காரனுக்கும் தெரியும்."

"எரிச்சல்தான். அதுக்காக அந்த வரைபடம் சரியாகுமே?"

"பேராசிரியர் பார்த்தவர். சங்கத்து ஆக்கள் பார்த்தவை. எல்லாருக்கும் சரியாத் தெரிஞ்சது உமக்கு மட்டும் பிழை."

பொறாமைக்காரி சரியாக இருக்கும்போது அவளுக்கு ஒரு சாட்சியும் கிடைக்காது. எனக்கு மச்சாளில் பாசம் இருந்திருந்தால், 'பாவம், கவனிக்காமல் விட்டிட்டாள்' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம், எல்லோரும் நம்பியிருப்பார்கள். என் வாயில் இருந்து வரும்போது அதே உண்மை கோள்மூட்டல் ஆகிவிடுகிறது. பேராசிரியருக்கு நேரே எழுதலாம் என்று தொடங்கினேன். எழுதியதை வாசித்தபோது எனக்கே அது பிடிக்கவில்லை. அழித்துவிட்டு மச்சாளுக்கு அழைப்பு எடுத்தேன்.

அவள் வந்து, செருப்பைப் படியில் கழற்றிவிட்டு, குசினி மேசையில் என் கணினிக்கு முன்னால் இருந்தாள். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்.

"கோவிக்காதேங்கோ மச்சாள், ஒண்டு கேக்கிறன். இதை நீங்கள் சந்தோசமாச் சொல்லுறீங்களோ, கவலையாச் சொல்லுறீங்களோ?"

"சந்தோசமாத்தான்."

"அப்ப உண்மையாத்தான் இருக்கும். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் கவலையாச் சொல்லியிருப்பீங்கள்."

கணவர் வாசலில் நின்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் அவள் என்னை அவ்வளவு சரியாக அளந்து வைத்திருக்கிறாள் என்பது எரிச்சலிலும் எரிச்சலாக இருந்தது.

அந்த வட்டாரத்தை மட்டும் வெட்டியெடுத்து, வேகக் கட்டளை இல்லாமல் மறுபடி மாற்றினோம். முழுத் தீவையும் அனுப்பினால் வரிசையில் நாள்கணக்காக நிற்கவேண்டும். சிறு வேலைகளுக்கென்று சோதனை வரிசை ஒன்று உண்டு, அதில் போட்டோம். அவள் வடை தின்று முடிக்கமுன் விடை வந்துவிட்டது. நீல வட்டம் இல்லை. அந்த இடம் சாம்பல் நிறம். சாம்பல் என்றால் உப்பும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை. தெரியாது என்று அர்த்தம்.

அவள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்கட குறிப்பு எங்கை இருந்தது?"

"முதல் வரியில."

"நான் முதல் வரி வாசிக்கிறேல்லை. எல்லாரும் முதல் வரியில தங்கட பேரைத்தானே போடுறவை."

பிறகு அவள் செய்ததை நான் செய்திருப்பேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்த இடத்திலேயே சங்கத் தலைவருக்கு அழைப்பு எடுத்தாள். தொலைபேசியை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள், நானும் கேட்கவேண்டும் என்பதற்காக.

"ஐயா, நான் தந்த படத்தில பிழை இருக்கு. அந்த இடத்துத் தண்ணி எப்பிடியெண்டு எங்களுக்குத் தெரியாது."

"பிள்ளை, நாளைக்குப் பெக்கோ வருது."

"நாளைக்கு வரட்டும். நாங்கள் இண்டைக்கு வாறம். வளவுத் திறப்பு ஆரிட்டை இருக்கு?"

அவளுடைய ஸ்கூட்டியின் பின்னால் இருந்து போனேன். உப்பை அளக்கும் கருவியை மடியில் பிடித்துக்கொண்டேன். பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடித்தது. இரண்டு பக்கமும் கடல் வற்றி, சேற்றில் கொக்குகள் நின்றன. அவள் ஒரு கையை விட்டுத் தலைமயிரை ஒதுக்கியபடியே ஓட்டினாள். எனக்கு ஸ்கூட்டி ஓட வராது. அதையும் இங்கே குறிப்பிடவேண்டியிருக்கிறது.

பூட்டின் திறப்பு, அந்த வளவுக்குப் போகும் ஒழுங்கையிலேயே குடியிருந்த ஒரு அக்காவிடம் இருந்தது. அந்தப் பச்சைக் கேற்றைத் தள்ளித் திறந்தபடி எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"கொம்பியூட்டர் சொல்லிப்போட்டுதெண்டு தலைவர் சொன்னவர். பிறகேன் அள்ளிப் பாக்கிறியள்?"

"கொம்பியூட்டரை நாங்கள் அவசரப்படுத்திப்போட்டம் அக்கா" என்றாள் மச்சாள். "நாங்கள்" என்றாள். எனக்கு அதில் பங்கு இல்லை என்று திருத்த வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

கிணறு பின்வளவில், கொடி மூடிக் கிடந்தது. விலக்கிவிட்டு வாளியை இறக்கினாள். நான் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் என் மனதில் என்ன இருந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லலாம். தண்ணீர் உப்பாக இருக்கவேண்டும் என்று விரும்பினேன். பவுசருக்காகக் குடத்தோடு நிற்பவர்களைத் தெரிந்திருந்தும் விரும்பினேன்.

கருவி காட்டிய அளவு மிகக் குறைவு. பூச்சியம் இல்லை, எந்தக் கிணற்றிலும் பூச்சியம் வராது. ஆனால் என் வீட்டுக் கிணற்றைவிட நல்ல தண்ணீர்.

நான் கருவியின் முனையைக் கழுவித் துடைத்து மறுபடி அளந்தேன். மேலே மழைத் தண்ணீர் நிற்கலாம், அடியில் இருந்து எடுப்போம் என்றேன். அடியில் இருந்து எடுத்ததும் அதே அளவுதான். கருவியில் பிழை இருக்கலாம் என்று, கொண்டுபோன சோதனைக் கரைசலில் வைத்துப் பார்த்தேன். கருவியில் ஒரு பிழையும் இல்லை. அதற்குள் அந்த அக்கா வாளியில் இருந்து கையால் அள்ளிக் குடித்துவிட்டு, "நல்ல தண்ணியடி பிள்ளையள்" என்று சொல்லி, குடம் எடுக்க வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

காரணம் எனக்குப் புரிந்தது, அங்கே நின்றபடியே புரிந்தது. எங்கள் தீவுகளில் நல்ல தண்ணீர் கடல் தண்ணீரின் மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. இறைக்க இறைக்க அடியில் இருந்து உப்பு மேலே ஏறும். வீட்டுக்காரர் போன நாளில் இருந்து இந்தக் கிணற்றை ஒருவரும் இறைக்கவில்லை. மழை மட்டும் இறங்கியிருக்கிறது. வரைபடத்துக்கு இது எதுவும் தெரியாது. அது குருட்டுத்தனமாகப் பூச்சியம் போட்டது, பூச்சியத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர் இருந்துவிட்டது.

"அப்ப ரெண்டு பேரும் சரி மச்சாள்" என்றாள் அவள்.

"இல்லை. நான் சரி. உமக்கு அதிஷ்டம்."

அவள் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. "அது சரி" என்றாள். "அதுவும் சரி."

நான் விடவில்லை. ஒழுங்கையின் கோடியில், மதில் விழுந்த அந்த வீட்டுக்கும் போகவேண்டும் என்றேன். அது குடத்தோடு வந்த அக்காவின் தமையனுடைய வீடு. அக்கா தமையனுக்கு அழைப்பு எடுத்து அனுமதி வாங்கித் தந்தார். அந்தக் கிணற்றுக்கும் மச்சாளின் வரைபடம் பூச்சியம்தான் போட்டிருந்தது. கடல் பக்கம் என்பதால் தண்ணீர் நாக்கில் வைக்க ஏலாத சவர். நான் அளவை உரத்து வாசித்தேன். மச்சாள் தலையாட்டினாள். அக்கா, "அது ஊருக்கே தெரியுமே, மாடும் குடியாது" என்றார். அங்கே கிணறு வெட்டும் எண்ணம் ஒருவருக்கும் இருந்ததில்லை. என் வெற்றி அந்தக் கிணற்றடியிலேயே நின்றுவிட்டது.

பெக்கோவை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு, அடுத்த நாள் மாலையில் வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள். மச்சாள் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். தன்னுடைய படம் பிழை என்றும், பூட்டிய வீடுகள் எல்லாவற்றிலும் அது பொய் சொல்கிறது என்றும், பிழையைக் கண்டுபிடித்தது தன் மச்சாளான நான் என்றும், இந்த ஒரு வளவில் மட்டும் நேரே அள்ளிப் பார்த்ததில் தண்ணீர் நல்லது என்றும். ஒன்றையும் மறைக்கவில்லை. என்னைக் கையால் காட்டினாள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள், மரியாதையாகத் தலையசைத்தார்கள்.

தலைவர் எழுந்தார். அவர் இளம் வயதில் தெற்கில் கடை நடத்தியவர்.

"நாங்கள் யாவாரம் செய்த ஆக்கள். தன்ர சாமானில குறையெண்டு தானே வந்து சொல்லுற கடைக்குத்தான் ஆள் திரும்பவும் போகும். இந்தப் பிள்ளை காட்டின இடத்திலேயே வெட்டுவம்."

கைதட்டினார்கள். அவளுக்குத்தான். பிழை விட்டதற்கும் சேர்த்து அவளுக்குக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாமல் இருந்தால் தெரியும் என்பதற்காக.

அதன் பிறகு அவள் வேகக் கட்டளையைக் கைவிட்டுவிட்டாள். இப்போது வரிசையில் அவளுடைய வேலையும் என்னுடையதைப் போலவே நாள்கணக்கில் ஓடுகிறது. அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் முந்தாநாள் கிளஸ்டர்க்காரர் அவளுக்கு எழுதியிருக்கிறார். இந்தப் பிழையைப் பற்றி மற்றப் பயனாளர்களுக்கும் தெரியவேண்டும், ஒரு சிறிய விளக்கவுரை தரமுடியுமா என்று. அவள் வழக்கம்போல எனக்கு அனுப்பிவைத்தாள், நீங்களும் சேர்ந்து செய்யுங்கோ என்று. பதில் எழுதவில்லை. எழுதுவேன்.

கிணறு வெட்டி, கட்டி முடிந்து, தலைவர் போத்தல் ஒன்றில் தண்ணீர் கொடுத்தனுப்பியிருந்தார். கணவர் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்காத குறையாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"தங்கச்சி காட்டின தண்ணி. குடிச்சுப் பாரும்."

"அந்தக் கிணத்தில நான் அளந்தனான். எனக்குத் தெரியும்."

"அளந்தனீர். குடிச்சனீரே?"

குடித்திருக்கவில்லை. ஒரு கிளாஸில் ஊற்றிக் குடித்தேன். நல்ல தண்ணீர்தான், எங்கள் கிணற்றைவிட எவ்வளவோ நல்லது. "பரவாயில்லை" என்று சொன்னேன். அவர் கை கழுவப் போன நேரம் பார்த்து இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொண்டேன்.